இத்தாலி வண்டிக்கு எடைக்கு எடை வெல்லம்

சங்ககிரிக்குத் தெற்கே, லாரிகளையும் சேகோ ஆலைகளையும் தவிர வேறெதுவும் பெரிதாக வளராத எங்கள் கோணக்கிணற்றில், எடைமேடைக்கார அர்த்தநாரியின் இத்தாலி மோட்டார் சைக்கிள் மாசி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குத் தரையை விட்டு நாலு விரற்கடை மேலே எழும்பி அப்படியே நின்றது. அதை முதலில் பார்த்த டீக்கடைக்காரர் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் இரண்டாவது தடவை பார்த்தார், ஏனென்றால் வண்டி எங்கேயும் போகப்போவதில்லை, பால் அப்படியில்லை.

எப்படி எழும்பியது என்று கேட்பவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் அந்தக் கேள்வி எழவே இல்லை. பத்து மாதமாக வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எடை இழந்துகொண்டு வந்ததற்கு எடைமேடை ரசீதுகள் வரிசையாகச் சுவரில் ஒட்டியிருந்தன, இறங்கிக்கொண்டே போகிற கணக்கு ஒருநாள் பூச்சியத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும் என்று நாங்களும் ஒருமாதிரி எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் கவலை வேறு. அந்த வண்டியின் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அர்த்தநாரியின் மனைவி தெய்வானை ஓங்காளியம்மனுக்கு நேர்ந்திருந்தாள், பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அர்த்தநாரி தொண்ணூற்றெட்டுக் கிலோ. அப்பா வைத்துவிட்டுப் போன எடைமேடையில் இருபது வருஷமாக உட்கார்ந்து அடுத்தவர் எடையையே பார்த்துக்கொண்டிருந்தவன். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற குச்சிக்கிழங்கு லாரி காலியாக வரும், நிறைந்து வரும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உண்மை, மிச்சமெல்லாம் பேச்சு என்பது அவன் வேதம். ஊரில் யார் சத்தியம் செய்தாலும் சந்தேகப்படுகிற நாங்கள் அர்த்தநாரியின் ரசீதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி மடித்து வைப்போம். புறவழிச்சாலைக்கு அவனுடைய விவசாயக் காட்டில் பாதி போய் நஷ்டஈடு வந்தபோது, காடு போன மற்றவர்கள் லாரியும் மனையும் வாங்கினார்கள், அவன் மட்டும் பெங்களூருக்குப் போய், பழுத்த கோவைப்பழ நிறத்தில், இருநூறு குதிரைசக்தி என்று சொல்லப்பட்ட அந்த வண்டியை வாங்கிவந்தான். அந்தக் காசுக்கு எத்தனை பழைய லாரி வாங்கியிருக்கலாம் என்று ஊரே அவனுக்கு இலவசமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. கம்பெனி பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வண்டிக்கு இத்தாலி என்றே பெயர் வைத்தோம்.

வந்த அன்றைக்குச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, தெய்வானையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஒரு நடை போய்வந்தான். பின்சீட்டு அதிரசத் தட்டு அளவுதான் இருக்கும், அதுவும் அவன் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்; சேலையோடு ஒருபக்கமாக அதில் உட்கார்ந்து, அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போன தெய்வானை வழிநெடுகச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சாலையோரம் நின்ற எல்லாரும் பார்த்தோம், முன்னால் உட்கார்ந்திருந்தவன் மட்டும் பார்க்கவில்லை. கோயிலில் இறங்கியதும்தான் அவளுக்குப் பயம் வந்தது. இவ்வளவு வேகமான ஒன்றில் இவ்வளவு பெரிய மனுஷன் தினமும் போனால் என்ன ஆவான் என்று நினைத்து, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து வண்டியின் கைப்பிடியில் கட்டி, அடுத்த பங்குனி வரைக்கும் இந்த மனுஷன் மேல் ஒரு கீறல் விழாமல் காப்பாற்று, வண்டி எடைக்கு எடை வெல்லம் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மனுஷன் எடை ஆடி தீபாவளிக்கு மாறும், இரும்பு எடை மாறாது என்று நம்பித்தான் வண்டியைச் சொன்னாள். எடைமேடைக்காரன் பெண்டாட்டி வேறு எப்படி நினைப்பாள்?

நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ. முதல் ரசீது அப்படித்தான் சொன்னது.

அடுத்த மாதம் கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வில்பிரட் வந்தான். பந்தய வண்டிகளோடு வளர்ந்தவன்; வண்டிக்கு இரண்டே எதிரி, ஒன்று காற்று, இன்னொன்று எடை, காற்றை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவன் சொன்னது அர்த்தநாரியின் மனசில் ஆணி அடித்தமாதிரி இறங்கிவிட்டது. எடையைப் பற்றி ஒருவன் தனக்குத் தெரியாததைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. முதலில் எதைக் கழற்றலாம் என்று கேட்டான். பின்சீட்டும் அதன் கால்வைக்கும் கம்பிகளும் சேர்ந்து இரண்டு கிலோ, அக்கா உட்காருவார்களா என்று வில்பிரட் கேட்டான். எப்பவாச்சும் என்றான் அர்த்தநாரி. நாலு போல்ட்டில் சீட்டு வெளியே வந்தது. அர்த்தநாரி என்று பெயர் வைத்துக்கொண்டு, உடம்பில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமியின் பெயரை வைத்துக்கொண்டு, அதிரசத் தட்டு அகலச் சீட்டைக் கொடுக்க மனசில்லாமல் போயிற்றே என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம், அவன் காதில் விழாத அளவுக்கு. தெய்வானை சீட்டை எடுத்துக்கொண்டு போய் எடைமேடை அறையில் தன் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, வழக்கம்போல லாரிகளுக்கு ரசீது அடிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு ரசீது நூற்றெண்பத்தைந்து காட்டியது. இரண்டு கிலோ கழற்றியதற்குப் பத்துக் கிலோ குறைந்தது ஏன் என்று வில்பிரட் தலையைச் சொறிந்தான். அர்த்தநாரி சொறியவில்லை, அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதிலிருந்து மாதாமாதம் பார்சல் வந்தது. இரும்புப் புகைக்குழாய் போய் டைட்டானியம் வந்தது, சக்கரம் போய் கார்பன் சக்கரம் வந்தது, பேட்டரி போய் கையடக்கப் பேட்டரி வந்தது, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி அதே நீளத்தில் இறகுபோன்ற போல்ட் போடப்பட்டது, கழற்றிய சாமான்களெல்லாம் வெங்காயம் சேமிக்கிற பட்டறையில் அடுக்கப்பட்டன, ஒவ்வொரு பார்சலுக்கும் வண்டி எடைமேடைக்கு வந்து நின்றது, தெய்வானை பொத்தானை அழுத்தினாள், ரசீது வந்தது, நூற்றைம்பது, நூற்றிருபது, தொண்ணூறு, ஐம்பத்தைந்து. கழற்றியது கைப்பிடி அளவுதான் இருக்கும், குறைந்தது மூட்டை அளவு இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வில்பிரட்டைத் தனியாகக் கூப்பிட்டு, மனுஷருக்கும் இதுமாதிரி ஏதாவது வழி உண்டா என்று விசாரித்தார்கள்.

கோயில் தர்மகர்த்தா ராக்கியண்ணன்தான் முதலில் விழித்துக்கொண்டவர். திருவிழாப் பொங்கலுக்கு இந்த வருஷம் வெல்லம் வாங்க வேண்டியதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் அறிவித்திருந்தவர் அவர். ஒவ்வொரு ரசீதையும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆத்தாளுக்குச் சேர வேண்டிய வெல்லத்தை இவன் போல்ட் போல்ட்டாகக் கழற்றிக்கொண்டிருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். தெய்வானைக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வேண்டிக்கொள்ளும்போது ஒரு எடை, கொடுக்கும்போது ஒரு எடை என்றால் அதற்குப் பெயர் திருட்டு எடை, எடைமேடைக்காரன் வீட்டில் அது நடக்கலாமா என்று புருஷனிடம் கேட்டாள். இன்னும் ஒரே ஒரு பார்சல்தான் என்று அவன் சொன்னான். அப்படிச் சொல்லி மூன்று பார்சல் வந்தது.

கடைசியில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. மாசி இரண்டாம் செவ்வாயன்று ரசீது ஐந்து கிலோ என்று காட்ட, அர்த்தநாரி வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, கைப்பிடியில் அழுக்கேறித் தொங்கிய மஞ்சள் முடிச்சைப் பார்த்தான். ஒன்பது கிராம் இருக்கும், காற்றிலும் படபடத்து இழுக்கும். கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், வண்டி எழும்பியது, டீக்கடைக்காரர் பாலை இறக்கினார்.

ஊர் அதைப் பழகிக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று, அதற்குமேல் ஆகவில்லை. மாட்டுக்கயிறு கொண்டுவந்து எடைமேடைத் தூணில் கட்டினார்கள். தரையைத் தொடாத வண்டிக்குச் சாலைவரி உண்டா என்று ஒரு நாள் முழுக்க விவாதித்து, கேட்டால்தான் வம்பு, கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கோழிகள் அதன் நிழலில் படுத்தன. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் ஜோடிகளைக் கூட்டிவந்தார்கள். ஒரு கிழங்கு லாரிக்காரன், காலி லாரியை எடை போடும்போது இந்த வண்டியை லாரியில் கட்டிவிட்டால் கழித்து வருகிற கிழங்கு எடையில் நமக்குக் கொஞ்சம் லாபமாயிற்றே என்று யோசனை சொல்லி, அர்த்தநாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். கயிற்றை மேடையின் இரும்புத் தகட்டில் கட்டி எடை பார்த்தபோது, எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்தது. கழித்தல் ஐந்து. அடுத்த வாரம் கழித்தல் முப்பது. இப்போது யாரும் எதையும் கழற்றவில்லை, வண்டி தானாகவே போய்க்கொண்டிருந்தது.

வில்பிரட் வந்து காகிதத்தில் கணக்குப் போட்டான். வண்டியின் மதிப்பே குதிரைசக்தியை எடையால் வகுத்தால் வருவதுதான், அதைத்தான் உலகம் முழுக்க ஒப்பிடுகிறார்கள். இருநூற்றைச் சைபரால் வகுத்துப் பார்த்தான், கால்குலேட்டர் மறுத்துவிட்டது, சைபருக்குக் கீழே உள்ளதால் வகுத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. உலகத்திலேயே வேகமான வண்டி இப்போது கோணக்கிணற்றில் மாட்டுக்கயிற்றில் நிற்கிறது என்பது மட்டும் அர்த்தநாரிக்குப் புரிந்தது. வேண்டுதல் முடிகிற அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னான். தினமும் சாயங்காலம் அதன் மேல் ஏறி உட்காருவான், அவன் கனத்தில் வண்டி இறங்கிச் சக்கரம் மண்ணைத் தொடும், முறுக்கினால் சத்தம் ஊரைத் தூக்கும். தொடுகிற தொடுதல் நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வந்ததை அவன் கவனிக்கவில்லை. தெய்வானை கவனித்தாள். அவனுடைய தொண்ணூற்றெட்டிலிருந்து ரசீதைக் கழித்துப் பார்த்தாள், அறுபத்தெட்டு மிச்சம், நாற்பது மிச்சம், பதினைந்து மிச்சம். கயிற்றை அவிழ்க்கிற அன்றைக்கு இந்த மனுஷன் வண்டியோடு மேலே போய்விடுவான், திரும்ப மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. அதனால் தன்னால் முடிந்ததைச் செய்தாள். காலையில் களியும் கறிக்குழம்பும், மத்தியானம் நெய்யில் மிதக்கும் பருப்புச்சோறு, ராத்திரி எட்டு இட்லி. ஐந்து வாரத்தில் அர்த்தநாரி நூற்று மூன்று கிலோ ஆனான். இத்தனை அன்பாக அவள் பரிமாறியது இல்லையே என்று அவன் எங்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டான், எங்களில் ஒருவருக்கும் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

திருவிழாவுக்கு முந்தைய வாரம், உலகத்தின் வேகமான வண்டி என்ன விலை பெறும் என்று தெரிந்துகொள்ள அர்த்தநாரி சேலத்திலிருந்து குழந்தைவேலு என்கிற மதிப்பீட்டாளரை வரவழைத்தான். அவர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்து, படிவத்தில் டயர் தேய்மானம் இல்லை என்று எழுதிவிட்டு, மிதப்பதைப் பற்றிக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அதை விட்டுவிட்டார். ஆனால் ஒன்று சொன்னார். நீங்கள் போட்டதெல்லாம் உங்கள் ஆசைக்கு, வாங்குகிறவன் அதற்குக் காசு தரமாட்டான், கம்பெனியில் வந்த சாமான் முழுசாக இருந்தால் கொண்டுவாருங்கள், மதிப்பு அதில்தான் இருக்கிறது என்றார். வெங்காயப் பட்டறையைத் திறந்து காட்டினான். அவர் ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொண்டு, பின்சீட்டு எங்கே என்று கேட்டார். அர்த்தநாரிக்கு ஞாபகமில்லை. பட்டறைக்கு எதிரே அறையில் தெய்வானை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் எழுந்திருக்கவில்லை. பின்சீட்டு இல்லை என்று எழுதிவிட்டுக் குழந்தைவேலு போனார்.

திருவிழாப் புதன்கிழமை, கோயில் வாசலில் கிரேன் லாரியின் கொக்கியில் மஞ்சள் மண்டியிலிருந்து கொண்டுவந்த தராசைத் தொங்கவிட்டு, தட்டுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் லாரிப் பலகையைச் சங்கிலியில் கட்டினார்கள். திருட்டு எடை என்ற பெயர் வேண்டாம் என்று தெய்வானை முதல் ரசீதுப்படியே நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ அச்சுவெல்லம் வாங்கிக் கூடைகளில் அடுக்கியிருந்தாள். வண்டியை நாலுபேர் கயிற்றோடு இழுத்துவந்து ஒரு பலகையில் கட்டினார்கள். பலகை மேலே போயிற்று. வெல்லம் வைக்க வேண்டிய பலகை, ஒரு அச்சுக்கூட வைக்காமலே, கீழே போய்த் தரையில் உட்கார்ந்தது.

பூசாரி முப்பது வருஷமாகத் துலாபாரம் பார்த்தவர். காலிப் பலகையே கனம் என்றால் வைக்க வேண்டியது நாம் இல்லை, காலை ரசீது காட்டியபடி கழித்தல் நூறு என்றால் ஆத்தாதான் தெய்வானைக்கு நூறு கிலோ வெல்லம் தரவேண்டியதாகிறது என்று அவர் யோசித்துச் சொன்னதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. சாமி மனுஷருக்குப் பாக்கி வைக்குமா என்று ஒரு பக்கம், தராசு சொன்னால் சொன்னதுதான் என்று இன்னொரு பக்கம். நூறு கிலோ வெல்லம் கோயில் கையை விட்டுப் போகிற நிலைமையில் ராக்கியண்ணனுக்கு வியர்த்தது. ஆத்தாளையே கேட்டுவிடலாம் என்று பூவாக்குக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, வெள்ளை வந்தால் ஆத்தா தருகிறாள் என்று அர்த்தம் என்று சொல்லி, ராக்கியண்ணனையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார், பிரித்தார், வெள்ளை.

ராக்கியண்ணன் நேர்மையான மனுஷர். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தெய்வானைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆத்தா குடுக்கறேன்னு சொல்லிப்போட்டா அம்மிணி. வெல்லமா வேணுமா, வேற ஏதாச்சும் வேணுமான்னு நீயே சொல்லு."

அர்த்தநாரி வண்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எப்போது அவிழ்க்கலாம் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். தெய்வானை அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், அவள் கண் நிறைந்துவிட்டது.

"வெல்லம் வேண்டாமுங்க. என்ற சீட்டைக் குடுக்கச் சொல்லுங்க."

அர்த்தநாரி கயிற்றை விடாமல் திரும்பினான். பதினோரு மாதமாக அவன் கழற்றியதில் ஒன்றாவது அடுத்தவருடையதாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை, அது எங்கள் எல்லாருக்கும் அவன் முகத்தில் தெரிந்தது. சீட்டு எங்கே என்று கேட்டான், அவளைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லாமல், திருவிழாவுக்கு வந்திருந்த வில்பிரட்டைப் பார்த்துக் கேட்டான்.

"நாற்காலி மேல கெடக்குதுங்ணா," என்றான் வில்பிரட். "ஊருக்கே தெரியுமுங்ணா."

வில்பிரட் ஓடிப்போய் எடுத்துவந்தான். பதினோரு மாத ரசீது அடித்ததில் சீட்டு அழுந்திப்போயிருந்தது. வண்டிப் பலகையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெங்காயப் பட்டறையிலிருந்து பழைய இரும்பு போல்ட் நாலைக் கொண்டுவந்து முடுக்கினார்கள். அர்த்தநாரி சட்டைப் பையில் துழாவி, ஐந்து வாரமாகத் துவைக்கையில் எடுத்து எடுத்துத் திரும்ப வைத்திருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து, தானே கைப்பிடியில் கட்டினான். பிறகு அவன் முன்னால் ஏறினான். தெய்வானை கூட்டத்தைப் பார்க்காமல், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, இந்தத் தடவை இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

பலகை தடாலென்று தரையில் இறங்கியது, கிரேன் லாரியே ஒருமுறை குலுங்கியது. எதிர்ப்பலகையில் வெல்லக் கூடைகளை ஏற்ற ஆரம்பித்தார்கள், ஐம்பது, நூறு, நூற்றைம்பது, நூற்றுத் தொண்ணூற்றைந்தும் தீர்ந்துபோயிற்று, வண்டிப் பலகை அசையவில்லை. வண்டி மேலே இருந்தபடியே அர்த்தநாரி மனக்கணக்குப் போட்டான். மொத்தத்தில் ஆள் எடையைக் கழிக்க வேண்டும், நான் நூற்று மூன்று, இவள் அறுபத்திரண்டு, நூற்றறுபத்தைந்து அந்தப் பக்கம் வேண்டும் என்றான். ஊரில் எல்லார் எடையும் அவனுக்கு மனப்பாடம். எண்பது கிலோ ராக்கியண்ணனையும் எண்பத்தைந்து கிலோ வில்பிரட்டையும் வெல்லத்தின் மேல் ஏறி உட்காரச் சொன்னான், அவர்கள் உட்கார்ந்தார்கள், தராசு முள் நடுவில் வந்து நின்றது. பலகையில் ஏறியதெல்லாம் ஆத்தாளுக்குச் சொந்தம் என்று பூசாரி சொல்ல, நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்று வில்பிரட் பதற, ஆளுக்கொரு தேங்காய் கொடுத்து இரண்டு பேரையும் மீட்டுக்கொண்டோம்.

அன்றைக்குப் பொங்கல் எங்கள் ஊர் சரித்திரத்தில் இல்லாத தித்திப்பு.

குழந்தைவேலு திரும்பவும் ஒருதடவை வந்தார். பின்சீட்டு இருக்கிறது என்று திருத்தி எழுதினார். ஆனால் திருவிழாவுக்கு மறுநாள் காலையிலிருந்தே ஊர் அறிந்த விஷயம் ஒன்று இருந்தது, தெய்வானை இறங்கினால், அர்த்தநாரி உட்கார்ந்திருந்தாலும்கூட, வண்டி நாலு விரற்கடை மேலே போய்விடும், அவள் ஏறினால்தான் நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு வரும். அவர் ஏற்றியும் இறக்கியும் மூன்று தடவை பார்த்தார். இதை வாங்குகிறவன் இந்த அம்மாவையும் சேர்த்தல்லவா வாங்க வேண்டும் என்று முனகிக்கொண்டு, மதிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். அர்த்தநாரி அந்தக் காகிதத்தையும் ரசீதுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

இப்போது தினமும் சாயங்காலம் அவன் இரண்டு ஹெல்மெட்டோடு எடைமேடை அறை வாசலில், மாட்டுக்கயிற்றில் மிதக்கிற வண்டி மேல், எஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். ஒன்பது கிராம் பொறுக்காத மனுஷன்.

"போலாமா?" என்று கேட்கிறான்.

"கெழங்கு லாரி மூணு நிக்குதுங்க. பொறுங்க."

அவள் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு லாரியாக ஏற்றி, பொத்தானை அழுத்தி, ரசீதை இரண்டு தடவை சரிபார்த்து, டிரைவரிடம் ஊர் நியாயம் நாலு பேசி அனுப்புகிறாள். டீக்கடையிலிருந்து நாங்கள் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நேற்று இருபத்திரண்டு நிமிஷம். கடைசி ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு அவள் வந்து ஏறுகிறாள், வண்டி தரைக்கு வருகிறது.